சைனஸில் எலும்புக் கட்டி: அளவைவிட இடத்தைக் கேளுங்கள்

‘வலது ஃப்ரான்டல் சைனஸில் 8 மி.மீ. ஆஸ்டியோமா.’ பல் வலிக்காகவோ, பைக்கிலிருந்து விழுந்ததற்காகவோ, ஒரு மாதமாகத் தீராத மண்டையிடிக்காகவோ எடுத்த சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் இப்படி ஒரு வரி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஸ்கேன் சென்டர் படி இறங்குவதற்குள் கைபேசியில் தேடியாகிவிடும். ‘டியூமர்’ என்ற சொல் கண்ணில் பட்டால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர்கள் மிகச் சிலர்தான். ஆஸ்டியோமா என்பது எலும்பே கூடுதலாகத் திரண்டு வளர்ந்த ஒரு முண்டு. அது புற்று அல்ல. உடம்பில் வேறெங்கும் பரவாது. மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளான சைனஸ்களில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் முதலிடம். சைனஸ் சி.டி. எடுத்துக்கொள்கிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வரை இது தென்படுகிறது. வெறும் எக்ஸ்ரே மட்டும் இருந்த காலத்தில் நூற்றுக்கு அரைப் பேர்கூடத் தேறவில்லை. கட்டி பெருகிவிடவில்லை, பார்க்கும் கருவி கூர்மையாகிவிட்டது. நடுவயதுக்காரர்களிடமும், பெண்களைவிட ஆண்களிடமும் சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

ஏன் வருகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் சொல்வார்கள். கருவில் குருத்தெலும்பிலிருந்து உருவாகும், கண்களுக்கு நடுவிலுள்ள எத்மாய்டு எலும்பும், சவ்விலிருந்து உருவாகும் நெற்றி எலும்பும் சந்திக்கும் இடத்தில் மிச்சப்பட்ட செல்கள் வளர்கின்றன என்பது ஒன்று. பழைய அடி என்பது இன்னொன்று. நாள்பட்ட கிருமித்தொற்று என்பது மூன்றாவது. எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும்படி இவற்றில் எதுவும் இல்லை. மருத்துவம் பார்க்க அது தேவையும் இல்லை.

தெரிய வேண்டியது வேறு. கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை ஃப்ரான்டல் சைனஸ். ஆறேழு வயதில் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கி, இருபது வயதுவாக்கில் முழு அளவுக்கு வரும். இரண்டு கண்களுக்கும் நடுவே தேனடைபோலச் சின்னச் சின்ன அறைகளாக இருப்பது எத்மாய்டு. கன்னத்துக்குள் இருப்பது மேக்ஸிலரி. தலையின் ஆழத்தில், பார்வை நரம்பை ஒட்டி இருப்பது ஸ்பீனாய்டு. ஆஸ்டியோமா பெரும்பாலும் நெற்றியறையில் வரும். அடுத்த இடம் எத்மாய்டுக்கு. கன்னத்தில் குறைவு, ஸ்பீனாய்டில் அபூர்வம். எத்மாய்டுக்கும் கண்குழிக்கும் நடுவிலுள்ள சுவர் காகிதம் மாதிரி மெல்லியது. அதன் லத்தீன் பெயரே காகிதத்தை வைத்துத்தான் அமைந்தது. நெற்றியறையின் பின்சுவரைத் தாண்டினால் மூளையின் உறை.

இந்த அறைகளின் உள்பக்கம் முழுக்கச் சளிச்சவ்வு. அதன் மேலுள்ள நுண்ணிய மயிர்கள் சளியை ஓயாமல் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும். நெற்றியறையில் சளி உள்சுவர் வழியாக மேலேறி, கூரையைச் சுற்றி, வெளிப்புறமாக இறங்கி, தரை வழியாக வாசலுக்கு வருகிறது. அந்த வாசல் சில மில்லிமீட்டர் அகலம்தான். வீராணம் ஏரியின் நடுவில் ஒரு பாறை கிடந்தால் யாருக்கும் தொல்லையில்லை. அதே கல் மதகு வாயில் உருண்டு விழுந்தால் கதை வேறு. நெற்றியறையின் மேல்மூலையில் 15 மி.மீ. கட்டி இருந்தும் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போனவர்கள் உண்டு. வாசலை ஒட்டி வளர்ந்த 5 மி.மீ. கட்டி, சளி வெளியேற வழியில்லாமல் செய்து மாதாமாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட வைக்கும். ரிப்போர்ட்டில் அளவு மட்டும் இருந்து, வாசல் திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்ற தகவல் இல்லையென்றால் அது பாதி ரிப்போர்ட்தான். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வாசல் அடைபட்டால் இரண்டு விதமாகப் போகலாம். தேங்கிய சளியில் கிருமி சேர்ந்து சைனஸைடிஸ் ஆவது ஒன்று. கிருமி சேராமலே சளி தேங்கித் தேங்கி, பை போலப் பெருத்து, சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரித்துக்கொண்டு போவது மற்றொன்று. இதை மியூகோசீல் என்பார்கள். வலி அதிகம் இல்லாமலே கண்ணைக் கீழேயும் வெளியேயும் தள்ளிவிடும் என்பதால் இதுதான் அதிகம் ஏமாற்றுவது. பழைய புகைப்படத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கண் இறங்கியிருப்பது வீட்டுக்காரர்களுக்கே தெரியும்.

தலைவலிக்கு வருவோம், பெரிய குழப்பம் இங்கேதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழிப் பனியில் தலை கனத்தால் அதற்குப் பெயர் ‘சைனஸ்’. ‘நீர் கோத்திருக்கிறது’ என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடித்து, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, அதிலும் அடங்காவிட்டால்தான் ஸ்கேன். ஸ்கேனில் ஒரு சின்ன ஆஸ்டியோமா தெரிந்ததும், ‘இத்தனை நாள் வலிக்குக் காரணம் இதுதான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சைனஸ் தலைவலி என்று தாங்களோ தங்கள் மருத்துவரோ நம்பிய கிட்டத்தட்ட 3,000 பேரைப் பரிசோதித்தபோது, 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கடைப்பு வரும், கண்ணில் நீர் வடியும், கன்னம் கனக்கும். அதனால்தான் ஏமாற்றம்.

கட்டிதான் வலிக்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்கள் பொருந்தி வர வேண்டும். வலி கட்டி இருக்கும் அதே பக்கத்தில், அதே இடத்தில் இருக்க வேண்டும். சி.டி.யில் வாசல் அடைபட்டிருப்பதோ, அறையில் சளி தேங்கியிருப்பதோ, கட்டி சுவரை அழுத்துவதோ தெரிய வேண்டும். துடித்துத் துடித்து வருவது, வாந்தி, வெளிச்சம் பிடிக்காமல் இருட்டறை தேடுவது போன்ற மைக்ரேன் குணங்கள் இருக்கக் கூடாது. விமானம் இறங்கும்போதோ கடலில் மூழ்கும்போதோ மட்டும் புருவத்துக்கு மேல் குத்துவது அடைப்பின் பக்கம் சாய்கிற சாட்சி. அறைக்குள்ளும் வெளியிலும் காற்றழுத்தம் சமமாக முடியாததால் வரும் வலி அது. இவை பொருந்தாமல், ‘எதற்கும் எடுத்துவிடுவோம்’ என்று கட்டியை எடுத்தால், கட்டி போகும், தலைவலி இருக்கும்.

ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆஸ்டியோமாவும் அல்ல. மூன்று நான்கு விஷயங்கள் ஒரே வேடம் போடும்.

ஆஸ்டியோமாவுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும். சுவரில் ஓரிடத்தில் ஒட்டி நிற்கும். அதிலேயே இரண்டு தினுசு. யானைத் தந்தம்போல இறுகியது ஒன்று. வைரம் பாய்ந்த கட்டை என்று தச்சர்கள் சொல்வது போன்றது. உள்ளே மஜ்ஜையும் சல்லடை எலும்புமாகக் கொஞ்சம் நெகிழ்ந்தது மற்றொன்று. இரண்டும் கலந்தும் வரும்.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா வேறு சமாசாரம். அதில் கட்டி தனியாக முளைப்பதில்லை. எலும்பே உருமாறி நார்த்திசுவாகவும் முதிராத எலும்பாகவும் ஆகிறது. சி.டி.யில் குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை பிடிபடாமல் தெரியும். சிறு வயதில் தொடங்கி, பருவமடைந்த பிறகு பெரும்பாலும் வேகம் தணிந்துவிடும். காரணம் ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணுவில், கரு உருவான பிறகு ஏற்படும் மாற்றம். அது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. தோலில் காப்பி நிறப் படையும், வயதுக்கு முந்திய பூப்பும் கூடவே இருந்தால் ஹார்மோன் மருத்துவரும் பார்க்க வேண்டும். இதற்குக் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது. புற்றாக மாறும் அபாயத்தை அது கூட்டும். பார்வை நரம்பின் குழாயைச் சுற்றி எலும்பு தடித்திருந்தாலும், பார்வை சரியாக இருக்கும்வரை ‘முன்னெச்சரிக்கையாக’ அங்கே குடைவது சரியல்ல. குடைவதாலேயே பார்வை போகலாம். கண் மருத்துவரிடம் பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறிதல், பார்வைப் பரப்பு ஆகிய மூன்றையும் முறையாகச் சோதித்து வருவதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. முட்டை ஓடுபோலச் சுற்றிலும் எலும்பு விளிம்பு, உள்ளே மங்கல். சிறுவர்களுக்கு வரும் வகை வேகமாக வளரும். மிச்சம் வைத்தால் திரும்ப வரும். ஆகவே இதை முழுதாக எடுப்பதே முறை. ஆஸ்டியோமா என்று எண்ணி ‘ஐந்து வருஷம் பார்ப்போம்’ என்று விட்டுவிடக் கூடாத ஒன்று இது. குழந்தைக்குக் கட்டி, அதுவும் சில மாதங்களில் வளர்ந்திருக்கிறது என்றால் ஒரு பெரிய மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்டும் நோய்க்குறியியல் நிபுணரும் படத்தைச் சேர்ந்து பார்க்கட்டும்.

வெப்பமும் ஈரமும் கூடிய நம் கடற்கரைப் பக்கம் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அலர்ஜியால் வரும் பூஞ்சை சைனஸைடிஸ். பூஞ்சைச் சேறும் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். பிரித்தறிய எளிய வழி உண்டு. மென்திசுவுக்கான திரை அமைப்பில் வெள்ளையாகத் தெரிவதை எலும்புக்கான திரை அமைப்புக்கு மாற்றிப் பார்த்தால், பூஞ்சை சாம்பல் நிறத்துக்கு இறங்கிவிடும். எலும்பு வெள்ளையாகவே நிற்கும். இதற்கு கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஃபிலிமில் அச்சடித்த பதினாறு சின்னச் சதுரங்களில் பார்க்க முடியாது. ஃபிலிமோடு படம் பதிந்த குறுந்தகடும் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது தலைகீழ். இறுகிய எலும்பு எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு, காற்றும் கறுப்பு. காற்றறைக்குள் இருக்கும் தந்த வகை ஆஸ்டியோமா எம்.ஆர்.ஐ.யில் காணாமலே போய்விடும். மூளை உறையையோ கண்குழியையோ கட்டி தொட்டிருக்கிறதா, மியூகோசீல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்குத்தான் எம்.ஆர்.ஐ. எலும்புக்கு சி.டி.யே.

தொல்லை தராத கட்டியை விட்டுவைத்துக் கவனிப்பதுதான் வழக்கம். முதல் ஸ்கேனிலிருந்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் இன்னொன்று. வளரவில்லையென்றால் இடைவெளியை நீட்டலாம். ஆஸ்டியோமா வளரும் வேகம் சராசரியாக ஆண்டுக்கு 1.6 மி.மீ. என்று அளந்திருக்கிறார்கள். சிலருக்கு அரை மி.மீ.கூட இருக்காது, சிலருக்கு 6 மி.மீ. வரை போகும். இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மி.மீ. தடிமன் கொண்ட வெட்டுகளாக எடுத்த ஸ்கேனில் 1.6 மி.மீ. வளர்ச்சியை எப்படி அளப்பது? தலை கொஞ்சம் சாய்ந்து படுத்திருந்தாலே ‘2 மி.மீ. வளர்ந்துவிட்டது’ என்று ரிப்போர்ட் வரும். ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனில், முடிந்தால் அதே சென்டரில், எலும்புக்கான அமைப்பில் எடுத்து, முன்பு அளந்த அதே கோட்டில் அளக்க வேண்டும். சைனஸுக்குக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முறை உண்டு. எலும்புக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது என்பதால் அதுவே போதும்.

அறுவை சிகிச்சை யாருக்கு? வாசலை அடைத்துத் திரும்பத் திரும்பத் தொற்று வருகிறவர்களுக்கு. மியூகோசீல் வந்தவர்களுக்கு. கண்ணைத் தள்ளினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நெற்றி புடைத்துக்கொண்டாலோ. மூளைப் பக்கம் சுவரைத் துளைத்திருந்தால் கட்டாயம்; அந்த ஓட்டை வழியாக மூளைக்காய்ச்சல் வரலாம், பலமாகத் தும்மினால் மூக்கிலுள்ள காற்றே மண்டைக்குள் ஏறலாம். அடுத்தடுத்த ஸ்கேன்களில் நிச்சயமாக வளர்ந்துகொண்டிருக்கும் கட்டிக்கும் பெரும்பாலும் எடுக்கவே சொல்வார்கள். நெற்றியறையில் பாதிக்கு மேல் நிறைத்தால் எடுக்கலாம் என்பதும் ஒரு கணக்கு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்கள் இப்போது குறைவு.

எடுக்கும் வழி இரண்டு. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில், முகத்தில் தழும்பில்லாமல். அல்லது வெளியிலிருந்து திறந்து. நெற்றியறை வாசலை எண்டோஸ்கோப்பில் எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பதற்கு ஜெர்மன் மருத்துவர் வோல்ஃப்காங் ட்ராஃப் 1991இல் வகுத்த படிகளையே இன்றும் எண் சொல்லிக் குறிக்கிறார்கள். ‘ட்ராஃப் 3’ என்றால் இரண்டு பக்க வாசலையும் ஒன்றாக்கி நடுவில் பெரிய திறப்பு. கண்ணின் உள்சுவருக்கு நேர்மேலே ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். கட்டி அந்தக் கோட்டுக்கு உள்பக்கம், கீழ்ப்பகுதியில் ஒட்டியிருந்தால் எண்டோஸ்கோப்புக்கு எட்டும். கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் போயிருந்தால், 70 பாகை வளைந்து பார்க்கும் எண்டோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வளைந்த டிரில் அங்கே எட்டாது. கைதேர்ந்தவர்கள் இந்தக் கோட்டை இப்போது கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் கட்டிக்கு அது பொருந்துமா என்பதை ஸ்கேன்தான் சொல்லும், விளம்பரம் அல்ல.

வெளியிலிருந்து திறப்பதென்றால், காதிலிருந்து காது வரை முடிக்குள் மறைவாக வெட்டி, தோலை முன்னால் இறக்கி, நெற்றி எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டித் திறந்து, கட்டியை எடுத்து, அதே எலும்பை வைத்து மூடுவார்கள். முன்வழுக்கை உள்ளவருக்குத் தழும்பு தெரியும். நெற்றியில் மரத்துப்போன உணர்வு பல மாதம் இருக்கலாம், சிலருக்கு நிலைத்தும் விடலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே நடப்பது உளி வைத்து உடைக்கும் வேலை அல்ல. நுங்கை விரலால் நோண்டி எடுப்பதுபோல, வைரப்பொடி பதித்த முனையால் கட்டியின் நடுவை முதலில் குடைந்து, மெல்லிய ஓடு மட்டும் மிஞ்சும்போது அதை உள்பக்கமாக மடித்து எடுப்பார்கள். முழுக் கட்டியைப் பிடித்து ஆட்டினால் அது ஒட்டியிருக்கும் பின்சுவரும், அதோடு மூளை உறையும் கிழியும். டிரில் முனையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சூடேறிப் பக்கத்துச் சவ்வும் நரம்பும் வெந்துவிடும். தந்த வகையில் இது மணிக்கணக்கில் போகும். மூளை உறையோடு ஒட்டிய கடைசித் துணுக்கை விட்டுவைப்பது தோல்வி அல்ல. அது மறுபடி வளர்ந்தாலும் மெதுவாகத்தான் வளரும். உறை கிழிந்து மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்தால் தொடையிலிருந்து எடுத்த திசுவையோ மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வையோ வைத்து அங்கேயே அடைப்பார்கள்.

பிற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் வாசல்தான். சுற்றிலும் சவ்வு உரிந்து எலும்பு வெறுமையாக நின்றால், ஆறும்போது வடு சுருங்கி வாசலை மறுபடி மூடும். அதனால் நல்ல சர்ஜன் எடுத்ததைவிட விட்டுவைத்த சவ்வில் கவனமாக இருப்பார். நோயாளியின் பங்கு மூக்கைக் கழுவுவது. கொதிக்கவைத்து ஆறிய 240 மி.லி. தண்ணீரில் அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, டாக்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு வேளை. போர் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா வாய்க்குள் போனால் ஒன்றும் செய்யாது, மூக்குக்குள் போனால் உயிர் தப்புவது அரிது. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது எல்லாம் பிறகு.

குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது ஜலதோஷம் அல்ல. மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். வீட்டு சுகர் மெஷினின் பட்டையில் தொட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல, மூக்குச் சளியிலும் சர்க்கரை உண்டு. ஒரு சின்னப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடும் சோதனையில் தெரிந்துவிடும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கண் வீங்கி வெளித்தள்ளுவது, திடீரென்று பார்வை மங்குவது என்றால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லக் கூடாது. தாடையிலும் மண்டையிலுமாகப் பல ஆஸ்டியோமாக்கள், தோலில் நிறைய நீர்க்கட்டிகள், கூடுதலாக முளைத்த பற்கள், குடும்பத்தில் இளவயதில் குடல் புற்று. இவை சேர்ந்தால் கார்ட்னர் நோய்த்தொகுதி என்று சந்தேகிக்க வேண்டும். ஏ.பி.சி. மரபணுவின் கோளாறு அது; பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் என்ற சதை முளைகள் தோன்றி, கவனிக்காவிட்டால் ஏறக்குறைய நிச்சயமாகப் புற்றாகும். எலும்பு முண்டு பாலிப்புக்குப் பல வருடம் முந்தியே தெரிவதால், பல் டாக்டரோ இ.என்.டி. டாக்டரோ குடலைப் பாருங்கள் என்று சொல்ல முடிகிற அபூர்வமான நோய் இது. ஒற்றை ஆஸ்டியோமா உள்ள எல்லாருக்கும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி வேண்டியதில்லை.

கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை மஞ்சக்குப்பத்தில். தெற்கே சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. வடக்கே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டும்போது அந்த அட்டை எந்த மருத்துவமனையில், எந்த அறுவை சிகிச்சைக்குச் செல்லும் என்பதைப் படுக்கை போடுவதற்கு முன்பே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிட வேண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: எல்லாப் பழைய ஸ்கேன்களின் தகடுகள், ரிப்போர்ட்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டை. இதயத்துக்காக ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை: வாசல் திறந்திருக்கிறதா, பின்சுவரும் கண்குழிச் சுவரும் முழுதாக இருக்கின்றனவா, போன ஸ்கேனுக்கு இது வளர்ந்திருக்கிறதா. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த தகடு பிறகு திறக்காமல் போகலாம். வாங்கிய அன்றே பென் டிரைவில் ஒரு நகல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.